வேலியா, வேட்டையா? ஒரு கம்பியின் கணக்கு



"நீ இன்ஜினியரிங்தானே படிக்கிற? ராத்திரிக்கு மட்டும் நம்ம காட்டுக் கம்பியில கரண்ட் குடுத்துடேன்." லீவுக்கு ஊருக்குப் போனப்போ சித்தப்பாவோ மாமாவோ உங்ககிட்ட இப்படிக் கேட்டிருக்கலாம். இதுவரை கேட்கலைன்னா, ஒருநாள் கேட்பாங்க. அன்னைக்கு என்ன பதில் சொல்றதுன்னு இப்பவே படிச்சு வெச்சுக்குவோம்.

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம்னா உடனே ஞாபகம் வருவது சின்ன வெங்காயம். சுற்றுவட்டாரத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் உண்டு. மாவட்டத்தில் ஆங்காங்கே காப்புக்காடுகளும் இருக்கின்றன. கோடையில் தண்ணீர் தேடி வரும் மான்கள் ரோட்டில் அடிபடுவதும் கிணற்றில் விழுவதும் இங்கே அடிக்கடி கேட்கிற செய்தி. காட்டுப்பன்றி வருவது தண்ணீருக்கு மட்டுமல்ல. கதிர் பிடித்த மக்காச்சோளத்தில் ஒரு கூட்டம் புகுந்தால், தின்பதைவிடச் சாய்ப்பதுதான் அதிகம். கடன் வாங்கி விதைத்தவருக்கு வருகிற கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்துக்குக் கரண்ட் கம்பி பதில் இல்லை.

சட்டம் எதை வேட்டை என்கிறது?

வேட்டை என்றால் துப்பாக்கி மட்டும்தான் என்று நினைக்கிறோம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கொல்வது, விஷம் வைப்பது, சுருக்கு வைப்பது, பொறி வைத்துப் பிடிப்பது, துரத்துவது, காயப்படுத்துவது எல்லாமே வேட்டைதான். முயற்சி செய்தாலே குற்றம். அவுட்டுக்காயும் இதில் அடங்கும், பொங்கலை ஒட்டி நாய்களோடு போகும் முயல் வேட்டையும் அடங்கும். பன்றிக்கு வைத்த கம்பியில் மயில் மாட்டினால் நிலைமை இன்னும் மோசம். மயில் அட்டவணை 1-இல் உள்ள பறவை. அதைக் கொன்ற குற்றம் நிரூபணமானால் குறைந்தது 3 ஆண்டு சிறை, அதிகபட்சம் 7 ஆண்டு.

தற்காப்புக்காக நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொல்வதைச் சட்டம் குற்றமாகப் பார்ப்பதில்லை. ஆனால் கரண்ட் கொடுத்துவிட்டு வீட்டில் போய்ப் படுப்பது தற்காப்பு ஆகாது.

கம்பியில் ஓடும் கணக்கு

இது நம்ம பாடம். ஈரமான உடம்பின் மின்தடையைத் தோராயமாக 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டை 1000-ஆல் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். 10 முதல் 20 மில்லி ஆம்பியரிலேயே தசை இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகும். 230-இல் இதயத்துடிப்பே தாறுமாறாகிவிடும். இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கு. 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு இந்த 0.23 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. ஆள் போன பிறகும் ஃபியூஸ் போகாது.

சரி, கடையில் விற்கும் சோலார் வேலி மட்டும் எப்படிக் கொல்லாமல் விடுகிறது? அதன் எனர்ஜைசர் கொடுப்பது தொடர்ச்சியான மின்சாரம் இல்லை, துடிப்பு. வோல்ட்டேஜ் பல ஆயிரம் இருந்தாலும், சர்வதேசத் தரப்படி ஒரு துடிப்பு 10 மில்லி செகண்டைத் தாண்டக் கூடாது. அடுத்த துடிப்புக்குக் குறைந்தது 1 செகண்ட் இடைவெளி வேண்டும். ஆற்றல் 5 ஜூலுக்குள் இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் கையை எடுத்துவிடலாம். பன்றியும் ஒரு அடி வாங்கிக்கொண்டு திரும்பி ஓடும். நேரடி லைனில் அந்த இடைவெளி கிடையாது.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, இப்படி ஒரு கம்பியில் 3 யானைகள் செத்தன. தாயை இழந்த 2 குட்டிகள் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தன. அதே ஆண்டில் தமிழக அரசு மின்வேலிகளுக்குப் பதிவையும் தரத்தையும் கட்டாயமாக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. மனிதர்களும் சாகிறார்கள். விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்துக் காட்டுக்காரருக்கோ, ஏன், கம்பி போட்டவர் வீட்டுப் பிள்ளைக்கோ, அது இருட்டில் தெரியாது.

அப்போ என்னதான் வழி?

2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிக்கென்று தனி முறை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுடவோ பிடிக்கவோ கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ.க்கு அப்பால், பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுடக் கூடாது. கேரளத்தில் முறை வேறு: 2022 முதல், உள்ளாட்சித் தலைவர் அனுமதித்தால் உரிமம் வைத்திருப்பவர் சுடலாம்.

"மனு போட்டு அவங்க வர்றதுக்குள்ள அறுவடையே முடிஞ்சுடும்" என்று சித்தப்பா சொல்வார். அவர் சொல்வது தப்பில்லை. மனு நகர நாளாகும், பன்றி இன்று ராத்திரியே வரும். அதனால்தான் நீங்கள் செய்ய மூன்று வேலை இருக்கு:

1. போனில் மேப்பைத் திறந்து, வயலுக்கும் காப்புக்காட்டு எல்லைக்கும் உள்ள தூரத்தை அளந்து கொடுங்கள். எந்த விதி பொருந்தும் என்பது அதில்தான் இருக்கு.
2. சேதத்தைத் தேதியோடு போட்டோ எடுத்து, விஏஓ-விடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்தில் மனு கொடுக்க உதவுங்கள்.
3. வேலிதான் வேண்டும் என்றால், தரச்சான்று உள்ள எனர்ஜைசரைத் தேர்ந்தெடுத்து, எர்த்திங் சரியாகப் போட்டு, எச்சரிக்கைப் பலகை மாட்டி, பதிவும் செய்து கொடுங்கள்.

லைனிலிருந்து ஒயரை இழுத்துக் கம்பியில் மாட்ட இரண்டு நிமிஷம் போதும், அதற்கு இன்ஜினியரிங் படித்திருக்கவும் வேண்டாம். "அது மட்டும் முடியாது சித்தப்பா, வேற வழி பண்ணித் தர்றேன்" என்று சொல்லி அதைச் செய்தும் காட்டத்தான் நம்ம படிப்பு தேவைப்படுது.