திரைக்குப் பின்னே ஒரு முகம்

ஒளிப்படக் கலைஞர் முன் அமர்ந்ததும் நம் முகம் மாறிவிடுகிறது. தலையை நிமிர்த்தச் சொன்னால் நிமிர்த்துகிறோம். சிரிக்கச் சொன்னால் சிரிக்கிறோம். எடுப்பவர் எவரும் இன்றியே படம் எடுக்க இயலுமா? அவ்வினாவிலிருந்து பிறந்ததே தானியங்கி ஒளிப்படக்கூண்டு.

1889ஆம் ஆண்டு பாரீஸ் உலகக் கண்காட்சியிலேயே காசிட்டால் படமெடுக்கும் பொறியை என்ஜல்பெர் என்பவர் காட்சிக்கு வைத்தார். எனினும், அது கண்காட்சி வியப்பாகவே நின்றுவிட்டது. அதை மக்கள் பயன்பாட்டுக்குரியதாக்கியவர் சைபீரியாவில் பிறந்த அனடோல் ஜோசஃபோ. பெர்லினில் தொழில் பயின்று, ஷாங்காயில் ஒளிப்பட நிலையம் நடத்தி, அமெரிக்கா சென்ற அவர், 1925இல் நியூயார்க் நகரின் பிராட்வே தெருவில் 'ஃபோட்டோமேட்டன்' கூண்டை அமைத்தார். 25 சென்ட் காசுக்கு 8 படங்கள். காத்திருப்பு ஏறத்தாழ 8 நிமிடம். முதல் ஆறு மாதங்களில் 2,80,000 பேர் படம் எடுத்துக்கொண்டனர். 1927இல் அதன் உரிமையைப் பத்து இலட்சம் டாலருக்கு விற்றார். தொடக்கத்தில், வெண்கையுறை அணிந்த பணியாளர் ஒருவர் கூண்டருகே நின்று, எப்பக்கம் பார்ப்பது என்று வழிகாட்டினார் என்பது சுவையான செய்தி. ஆளில்லாப் பொறிக்கும் முதலில் ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறார்!

படம் உருவாகும் முறை

வழக்கமான முறையில் முதலில் படச்சுருளில் எதிர்ப்படிவம் விழும்; அதிலிருந்து தாளில் படி எடுப்பர். கூண்டிலோ படச்சுருளே இல்லை. வில்லை வழியே வரும் ஒளியை ஒரு முப்பட்டகம் இடவலம் மாறாதபடி திருப்பி, நேரே தாளின்மீது விழச் செய்கிறது. பின்னர்த் தாள்பட்டையை ஓர் இயந்திரக்கை வேதிக்கரைசல் தொட்டிகளில் ஒன்றன்பின் ஒன்றாக முக்கி எடுக்கிறது. முதல் தொட்டியில் ஒளி பட்ட இடங்கள் கறுக்கின்றன. அடுத்தது அக்கறுப்பைக் கரைத்து நீக்குகிறது. ஒளி படாமல் எஞ்சிய வெள்ளியுப்பு அதன்பின் கருமையாக்கப்படுகிறது. இவ்வாறு நெற்றி வெண்மையாகவும் கூந்தல் கருமையாகவும் தோன்றுகின்றன. எதிர்ப்படிவம் இல்லாமையால் மறுபடி எடுக்க வழியில்லை. கையில் ஈரத்துடன் கிடைப்பதே அம்முகத்தின் ஒரே படி. கடையிலோ பொறியிலோ வேறெதுவும் தங்குவதில்லை.

அடையாளமும் ஆட்டமும்

அடையாள அட்டைகளுக்கு இக்கூண்டு பெரிதும் பயன்பட்டது. கலைஞர்களோ அதை வேறு வகையில் கையாண்டனர். 1929இல் பாரீஸின் மீமெய்யியல் இதழொன்றில், அவ்வியக்கத்தினர் கண்களை மூடியவாறு கூண்டில் எடுத்த படங்கள் வெளிவந்தன. அடையாளம் காட்டும் பொறியின்முன் விழிமூடி அமர்ந்தது மெல்லிய எள்ளலன்றோ! 1963இல் ஆண்டி வார்ஹோல், எத்தல் ஸ்கல் என்னும் பெண்மணியைக் கூண்டில் அமர்த்தி, அப்படங்களைக்கொண்டு 36 முகங்கள் கொண்ட ஓவியத்தைப் படைத்தார். ஜப்பானில் 1995இல் அறிமுகமான 'புரிக்குரா' படங்களை ஒட்டிகளாக அச்சிட்டுத் தந்தது. மாணவியர் அவற்றைத் தோழியரிடையே பரிமாறிக்கொண்டனர்.

இன்றைய கூண்டுகளில் தொட்டிகள் இல்லை; முகம் எண்களாகப் பதிவாகிறது. எண்களாகியதைப் படியெடுப்பதும் சேமிப்பதும் எளிது. கடவுச்சீட்டுப் படத்தைக் கணினி ஒப்பிட்டு அறிய வேண்டியிருப்பதால், அதில் சிரிக்கவும் கூடாது. கலைஞரின் ஆணையிலிருந்து விடுவித்த கூண்டு, அவரினும் கண்டிப்பான ஆணைகளை இடுகிறது.

வேதிக்கரைசல் கூண்டுகள் சில நகரங்களில் எஞ்சின. மெல்பர்னில் ஃபிளிண்டர்ஸ் தெருத் தொடர்வண்டி நிலையத்தில் இருந்த ஒன்றை 2018இல் அகற்ற முற்பட்டபோது, மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர், கூண்டு அகற்றப்படவில்லை.