‘முறையே’ என்ற சொல்லும் எங்கள் காணி விண்ணப்பமும்

சில ஆண்டுகளுக்கு முன், குளத்துக்குக் கீழே குடியேற்றக் காணி வைத்திருந்த ஒரு விதவைத் தாய்க்காக நானே ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அவருக்கு இரண்டு துண்டுக் காணி. ஒன்று வயல், மற்றது மேட்டுக்காணி. முதலில் ‘வயலும் மேட்டுக்காணியும்’ என்று எழுதினேன். பின்பு துண்டு இலக்கங்களைப் பழைய பெர்மிற்றில் கண்டபடியே, மேட்டுக்காணியின் இலக்கத்தை முன்னும் வயலின் இலக்கத்தைப் பின்னுமாக எழுதி, ஈற்றில் ‘றெஸ்பெக்ரிவ்லி’ என்ற சொல்லையும் போட்டு முடித்தேன். வெளிக்கள உத்தியோகத்தர் வந்து பார்த்தபோது, வயல் என்று நான் எழுதிய துண்டில் தென்னையும் கிணறும் நின்றன. ‘விபரம் பொருந்தவில்லை’ என்று கோவையில் குறித்துவிட்டு அவர் போய்விட்டார்.

“சுவாமி, மேட்டிலை வயல் எங்கை எண்டு கேட்டிட்டுப் போட்டினம்” என்றார் அந்த அம்மா. அதைத் திருத்தி எடுப்பதற்குள் இரண்டு காலபோகம் கழிந்துவிட்டது. பிழை அலுவலகத்தினுடையதல்ல, என்னுடையது. குருமடத்தில் பல ஆண்டுகள் ஆங்கிலமும் இலத்தீனும் படித்தவன் ஒரு சொல்லில் தவறினேன். ஆகவே இம்முறை பாடத்துக்கு அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன்.

தமிழில் விண்ணப்பிக்க எமக்கு உரிமை உண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி. தமிழில் எழுத முடிந்தால் தமிழிலேயே எழுதுங்கள். ஆனால் பழைய பெர்மிற்றுகளும் வரைபடங்களும் சட்டத்தின் மூல வாசகமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. கொழும்புக்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் போகும் கடிதங்களை எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள். தமிழில் எழுதினாலும் இந்தச் சொல் எம்மை விடாது. அங்கே அதன் பெயர் ‘முறையே’.

‘முறையே’ என்பது இரண்டு வரிசைகளைச் சோடி சேர்க்கும் சொல். முதல் வரிசையில் முதலாவதாக நிற்பதற்கு இரண்டாம் வரிசையில் முதலாவதாக நிற்பது உரியது, இரண்டாவதற்கு இரண்டாவது. இடம்பெயர்ந்த குடும்பத்தின் கதையை எழுதும்போது இது நன்றாக உதவும். ‘நாங்கள் ஸ்கந்தபுரம், தர்மபுரம், செட்டிகுளம் ஆகிய இடங்களுக்கு முறையே 1996, 2008, 2009ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்தோம்’ என்று எழுதினால், 1996இல் ஸ்கந்தபுரம், 2008இல் தர்மபுரம், 2009இல் செட்டிகுளம் என்று வாசிப்பவர் ஐயமின்றிப் பிரித்துக்கொள்வார். இடம் மூன்றானால் ஆண்டும் மூன்றாக வேண்டும். நான்கு இடத்தை எழுதி மூன்று ஆண்டை மட்டும் எழுதினால், எந்த இடத்துக்கு ஆண்டு இல்லை என்பதை அந்த மேசையில் இருப்பவர் எப்படி அறிவார்? அவர் எங்களோடு நடந்து வந்தவரல்லவே.

தமிழில் இச்சொல் இரண்டாவது வரிசைக்கு முன்னே வரும். ஆங்கிலத்திலோ இரண்டு வரிசையும் முடிந்தபின் ஈற்றில் வருவதே வழக்கம். தமிழ் நடையில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் அதை நடுவில் செருகிவிடுகிறார்கள். அது பெரிய குற்றமில்லை. வரிசை மாறுவதுதான் குற்றம்.

இரண்டாவது வரிசை இல்லாத இடத்தில் இச்சொல்லுக்கு வேலை இல்லை. ‘எமது வீடும் கிணறும் முறையே சேதமடைந்தன’ என்று ஒரு விண்ணப்பத்தில் கண்டேன். எழுதியவர் ‘ஒன்றன்பின் ஒன்றாக’ என்று நினைத்திருக்கிறார். வாசிப்பவரோ அடுத்து ஏதோ வரப்போகிறது என்று காத்திருப்பார். ‘வீடும் கிணறும் சேதமடைந்தன’ என்றால் போதும். ‘முறையாக’ என்பதும் வேறு சொல்; ஒழுங்கு தவறாமல் என்பது அதன் பொருள். ‘வரியை முறையாகச் செலுத்தினோம்’ என்பது சரி, ‘முறையே செலுத்தினோம்’ என்பது பிழை. ஆங்கிலத்தில் இன்னொரு பொறி உண்டு. ‘றெஸ்பெக்புல்லி’ என்றால் தாழ்மையுடன். கடிதத்தின் அடியில், கையொப்பத்துக்கு மேலே அதைத்தான் எழுதவேண்டும். அந்த இடத்தில் ‘றெஸ்பெக்ரிவ்லி’ என்று எழுதி, பெரிய அதிகாரி ஒருவருக்கு ‘முறையே தங்கள்’ என்று முடித்த கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். சிரிப்பு வந்தாலும் எழுதிய பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். முத்தையன்கட்டு, விசுவமடு, வவுனிக்குளம் போன்ற குடியேற்றத் திட்டங்களில் எங்கள் பெற்றோருக்குக் கிடைத்த பெர்மிற் காணிகளில் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தவை. இவற்றின் பின்னுரிமைக்குத் தேசவழமை செல்லாது. அது உறுதிக் காணிக்கு உரியது. பெர்மிற்காரர் இறந்தால் முதலில் அவருடைய துணைவருக்கு உரிமை. அதன்பின் பதிவுசெய்து நியமிக்கப்பட்ட பின்னுரித்தாளருக்கு. இவர்கள் இல்லாதவிடத்து அல்லது உரிமையை ஏற்காதவிடத்து, சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைப் பார்க்கவேண்டும். காணி உறவினருள் ஒருவருக்கு மட்டுமே, அட்டவணையில் அவர்கள் ‘றெஸ்பெக்ரிவ்லி’ குறிப்பிடப்பட்ட முன்னுரிமை ஒழுங்கில் சேரும் என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

பலர் இதைப் பங்கு பிரிக்கும் வரிசை என்று எண்ணுகிறார்கள். அப்படியல்ல. முதற்படியில் ஒருவர் இருந்தால் அடுத்த படிக்குப் போகத் தேவையே இல்லை. ஒரே படியில் பலர் இருந்தால் வயதில் மூத்தவர் முன். பழைய அட்டவணையில் மகன்மார் முதற்படி, மகள்மார் இரண்டாம் படி, பின்பு பேரன்மார், பேத்திமார், தகப்பன், தாய் என்று பன்னிரண்டு படிகள் இருந்தன. தாய் தகப்பனைப் பராமரித்து, வயலையும் விதைத்து வந்த மூத்த மகள் நிற்க, கடல் கடந்து போன இளைய மகன் சட்டத்தின் கண்ணில் முன்னே நின்றான். ஒரு சொல்லின் வரிசை எத்தனை வீடுகளில் கண்ணீரை வரவழைத்தது என்பதை ஊரில் வாழ்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் ஆண், பெண் என்ற இந்தப் பிரிப்பை நீக்கியது. மகன்மார், மகள்மார் என்ற இரண்டு படியும் ‘பிள்ளைகள்’ என்ற ஒரே படியாயின. பழைய அட்டவணையைக் காட்டி “பெம்பிளைப் பிள்ளைக்கு இல்லை” என்று எவராவது சொன்னால், திருத்தத்தைக் கேட்டறியுங்கள்.

விவிலியத்திலும் இப்படியொரு வரிசை உண்டு. எண்ணிக்கை நூலின் 27ஆம் அதிகாரத்தில் செலொபுகாதின் புதல்வியர் ஐவர் மோசேயிடம் போய், தகப்பனுக்கு ஆண் பிள்ளை இல்லை என்பதற்காக அவர் காணி போகலாமா என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று ஆண்டவர் சொல்ல, மகன், மகன் இல்லையேல் மகள், அதன்பின் சகோதரர், பின்பு தகப்பனின் சகோதரர், நெருங்கிய உறவினர் என்று வரிசை வகுக்கப்படுகிறது. அங்கும் மகள் இரண்டாவதுதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஐந்து பெண்களும் கூடாரத்துக்குள் இருந்து அழவில்லை. சபையின் முன் போய்க் காரணத்தை ஒழுங்காக எடுத்துரைத்தார்கள்.

எமது சட்டத்தில் வரிசை முக்கியமாகும் இன்னொரு இடம் உண்டு. பெர்மிற்காரர் இறந்து ஆறு மாதத்துக்குள் துணைவர் காணியை ஆட்சிக்கு எடுக்காவிடில் அவருடைய உரிமை தவறக்கூடும். சண்டை நடந்த ஊருக்குள் ஆறு மாதத்தில் யார் போயிருக்க முடியும்? ஆகவே கணவர் இறந்த திகதி, அப்போது நீங்கள் இருந்த இடம், காணிக்குள் போகமுடியாத காரணம், திரும்பிவந்த திகதி ஆகியவற்றை நடந்த ஒழுங்கிலேயே எழுதுங்கள். இங்கே ‘முறையே’ போட்டு ஒரே வசனத்துக்குள் அடைக்க வேண்டாம். சோடி மூன்றுக்கு மேல் போனால் அச்சொல் உதவுவதைவிடக் குழப்புவதே அதிகம். ஒரு கோடு கீறி, இடப்பக்கம் இடத்தையும் வலப்பக்கம் திகதியையும் எழுதிவிடுங்கள். கிராம அலுவலருக்கும் அது இலேசு, சத்தியக் கடதாசியில் ஒப்பமிடும் சமாதான நீதவானுக்கும் இலேசு.

விண்ணப்பத்தைக் கொடுக்குமுன் ஒரு பரீட்சை செய்யுங்கள். பெர்மிற்றைப் பார்த்துப் பாராது, ‘முறையே’ வரும் வசனத்தை வீட்டில் ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். மற்றவர் முதல் வரிசையின் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கி, இரண்டாம் வரிசையின் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை நிமிர்த்தட்டும். விரல் மிஞ்சினால் வசனம் பிழை. விரல் சரியாக வந்தபின் பெர்மிற்றை எடுத்து, எந்த இலக்கம் எந்தத் துண்டினது என்று ஒத்துப்பாருங்கள். நான் செய்யாமல் விட்டது இந்த இரண்டாவது வேலையைத்தான்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இந்த வசனத்தைக் கரும்பலகையில் எழுதித் திருத்திப் பாருங்கள்: ‘எனது வயல், மேட்டுக்காணி, தோட்டம் ஆகியன முறையே இரண்டு ஏக்கரும் அரை ஏக்கரும் ஆகும், பிள்ளைகள் இருவரும் முறையே என்னோடு வசிக்கின்றனர்.’ பிழை இரண்டு உண்டு.