சின்னத்திரையில் வெட்டும் மங்கலும்

மண்கும்பான் வாசகர் ஒருவர் சினத்தோடு எழுதியிருக்கின்றார். டிஷ் வழியாக ஓரிரவு தமிழ்த் திரைப்படம் ஒன்றைப் பார்த்தாராம். படமாளிகைகளில் ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்ற சான்றுடன் ஓடிய படம் அது. சின்னத்திரையிலோ வசனம் பாதியில் ஊமையாகின்றது. காட்சி திடீரெனத் தாவுகின்றது. கொலை ஏன் நடந்தது என்பதே கடைசிவரை விளங்கவில்லை. ஐம்பது வயதைக் கடந்த எனக்கு எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கலாகாது என்று சொல்ல இவர்கள் யார் என்பது அவருடைய கேள்வி. கேள்வி நியாயமானதே. சற்று விரிவாக நோக்குவோம்.

நமது தீவகத்து வீடுகளுக்கு வந்து சேரும் இந்தியப் படம் அங்கேயே வெட்டப்பட்டுத்தான் வருகின்றது. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின் கீழ்த் தணிக்கைக் குழு ‘ஏ’ சான்று வழங்கிய படத்தை அப்படியே தொலைக்காட்சியிற் காட்ட முடியாது. மும்பாய்ப் புனித சவேரியார் கல்லூரி ஆசிரியை பிரதிபா நைதானி தொடுத்த வழக்கிலே மேல் நீதிமன்றம் இதனை வலியுறுத்தியது. 2006 ஓகஸ்டில் அந்நகரின் திரைப்பட அலைவரிசைகள் சில நாள்கள் இருண்டுபோயின. அதன்பின் நிறுவனங்கள் ‘ஏ’ படத்தைத் தாமே வெட்டி, மீண்டும் குழுவிடம் கொண்டுசென்று, ‘யூ/ஏ’ சான்று பெற்று ஒளிபரப்பலாயின.

அதுவும் எப்போதும் போதியதாய் இருக்கவில்லை. நடிகை சில்க் ஸ்மிதாவின் வாழ்வைத் தழுவியதெனப் பேசப்பட்ட ‘த டேர்ட்டி பிக்சர்’ என்ற இந்திப் படத்தில் நடித்த வித்யா பாலனுக்கு அரசாங்கமே தேசிய விருது அறிவித்தது. அப்படத்தை ஐம்பதுக்கு மேற்பட்ட வெட்டுகளுடன் 2012 ஏப்ரல் 22ஆம் திகதி, ஞாயிறு நண்பகலிலும் இரவு எட்டு மணிக்கும் காட்ட ஒரு தொலைக்காட்சி நிறுவனம் விளம்பரஞ் செய்திருந்தது. இரவு 11 மணிக்கு முன் காட்டலாகாது என்று அமைச்சு அறிவித்தது. காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. ஒரு கையால் விருதும் மறு கையால் தடையும்! ஞாயிறு நண்பகல் அதற்கேற்ற வேளையன்று என்பதே எமது கருத்தும். ஆனால் குழு சான்று வழங்கிய பின், விளம்பரமும் முடிந்த பின், கடைசி நேரத்தில் அமைச்சு குறுக்கிடுவதை ஒழுங்கு என்று சொல்ல முடியாது.

நமது நாட்டிலும் கதை வேறன்று. 1912ஆம் ஆண்டின் பகிரங்க அரங்காற்றுகைக் கட்டளைச் சட்டம் இன்னும் தணிக்கைக்கு அடிப்படையாக உள்ளது. தொலைக்காட்சி 1979இல் வந்தது. ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம் 1982இல் எழுந்தது. புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபையை அமைத்த சட்டம் 2006இல் வந்தது. இன்று உள்ளூர் அலைவரிசைகளில் நடிகர் சிகரெட் பற்றவைத்தால் விரலிடையே ஒரு மங்கல். கிண்ணத்தை உயர்த்தினால் இன்னொரு மங்கல். பக்கத்து வேலணை மண்ணிலே புகையிலை நட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்த முதியவர், திரையிலே சுருட்டு மறைக்கப்படுவதைக் கண்டு சிரிக்காமல் என்ன செய்வார்?

சிரிப்புக்கு அப்பால் ஒன்று உண்டு. மங்கலாக்குபவர் எதை மறைக்கின்றார்? கண்ணுக்குத் தெரியும் பொருளை: சிகரெட், போத்தல், உடல். மருமகளுக்கு நஞ்சூட்டச் சூழ்ச்சி செய்யும் மாமியாரின் மனத்தை மங்கலாக்க எந்தக் கருவியும் இல்லை. பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யும் மாலை ஏழு மணிக்கே அறைவதும் பழிவாங்குவதும் நாடகத் தொடர்களில் தாராளமாக ஓடுகின்றன. எம்மைக் கேட்டால், வளர்ந்த மனிதர் பார்க்கும் தரமான படத்தின் ஒரு முத்தத்தை விட இவையே பிள்ளையின் உள்ளத்தில் ஆழமாகத் தைக்கின்றன. தணிக்கை எளிதானதைப் பிடித்துக்கொண்டு கடினமானதை விட்டுவிடுகின்றது. பார்வையாளரின் எரிச்சலுக்கு இதுவே முதற் காரணம் எனலாம்.

அப்படியாயின் கட்டுப்பாடே வேண்டாமா? அவ்வாறு சொல்லத் துணியோம். வெட்டுவதை விட நேரத்தை வகுப்பது நேர்மையானது. பிரித்தானியாவில் இரவு ஒன்பது மணிக்கு முன் பிள்ளைகளுக்கு ஒவ்வாதவை காட்டப்படுவதில்லை. அதன்பின் வளர்ந்தோர் தமக்குரியதைப் பார்க்கலாம். எனினும் இம்முறை பிள்ளைகளுக்குத் தனியறை உள்ள வீட்டுக்காக எண்ணப்பட்டது. விறாந்தையில் பெட்டி, அதன் முன்னே பாயில் அம்மம்மாவும் பேரப்பிள்ளைகளும் உறங்கும் வீட்டில், இரவு பதினொரு மணிக்கும் பிள்ளை அங்கேதான் கிடக்கின்றது. தாய்தந்தையர் வெளிநாட்டில் இருக்க, பாட்டனார் பொறுப்பில் வளரும் பிள்ளைகளும் நம்மிடையே பலர். ஆகவே வாசகர் கேட்கும் உரிமையை நாம் மறுக்கவில்லை. அவருடைய வீட்டு விறாந்தையையும் எண்ணிப் பார்க்கச் சொல்கின்றோம்.

கத்தரிக்கோல் யார் கையில் இருக்கின்றது என்பது பெருங் கேள்வி. அசோக ஹந்தகமவின் ‘அக்ஷரய’ என்ற சிங்களப் படத்தைத் தணிக்கைச் சபை வயது வந்தோருக்கு அனுமதித்தும், 2006இல் அமைச்சு தடுத்துவிட்டது. ஒழுக்கத்தின் பெயரால் அமைச்சர் கையிற் கொடுக்கும் கத்தரிக்கோல் செய்தியையும் வெட்டும். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் யாழ்ப்பாணத்து ‘உதயன்’ அலுவலகம் அவசரகால விதிகளின் கீழ் முத்திரையிடப்பட்டதை நம்மவர் மறக்கமாட்டார்கள். ஒலிபரப்பு அதிகாரசபை ஒன்றை அமைக்க 1997இல் வந்த சட்டமூலத்தை இலங்கை உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்த்தது. ஒலிபரப்பைக் கண்காணிக்கும் சபை அரசின் பிடிக்குள் இருத்தலாகாது என்பது அதன் கருத்து. திருச்சபையும் இதில் அனுபவமற்றதன்று. தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலை நூற்றாண்டுகளாக வைத்திருந்து 1966இல் அதன் சட்டவலுவை நீக்கியது.

இந்தியாவில் ஒளிபரப்பாளர்கள் 2011இல் ஒரு முறைப்பாட்டுக் குழுவை அமைத்தனர். ஓய்வுபெற்ற நீதியரசர் ஏ. பி. ஷா அதன் முதல் தலைவர். பார்வையாளர் எழுதலாம், குழு காரணம் காட்டித் தீர்மானிக்கும். நம் வாசகர் எமக்கு எழுதியதைப் போல அலைவரிசைக்கும் எழுதியிருந்தால் நன்று. நிகழ்ச்சியின் பெயர், திகதி, நேரம், குறை என்ன என்பவற்றைக் குறித்து எழுதினால் போதும்.

இன்னொன்று. டிஷ் பெட்டிகளில் இரகசிய இலக்கமிட்டுச் சில அலைவரிசைகளைப் பூட்டிவைக்கும் வசதி உண்டு. பெட்டி பூட்டவரும் பொடியனைக் கேட்டால் ஐந்து நிமிடத்திற் காட்டித் தருவான். பல வீடுகளில் அந்த இலக்கம் பெட்டி வந்தபோது இருந்தபடியே இருக்கின்றது, அல்லது பேரனுக்கு மட்டுமே தெரிந்திருக்கின்றது. முதலில் அதை மாற்றிக்கொள்ளுங்கள்.