டாப்னியாவின் 48 மணி நேரம்

கேள்வி: மலைப்பூண்டுக்கு அடிக்க வாங்கிய மருந்தின் தகவல் தாளில் 'டாப்னியா, 48 மணி, இசி50: 0.4 மி.கி./லிட்டர்' என்று இருக்கிறது. எங்கள் ஏரிக்கு ஆபத்தா?
– ஒரு வாசகர், கூக்கால்

பதில்: ஏரியில் கலந்தால் ஆபத்துதான். டாப்னியா, குளத்து நீரில் துள்ளித் துள்ளி நீந்தும் பொடி உயிரி. ஆய்வகச் சோதனையில், பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத குஞ்சுகளை, மருந்து கலந்த குவளை நீரில், மருந்தின் ஒவ்வோர் அளவுக்கும் குறைந்தது 20 என்று விடுவார்கள். இரை கிடையாது. 48 மணி முடிந்ததும் குவளையை லேசாக ஆட்டி 15 விநாடி பார்ப்பார்கள். நீந்தாதது முடங்கியதாகக் கணக்கு. கண்ணாடி போன்ற உடம்பு, நுண்ணோக்கியில் இதயம் துடிப்பதே தெரியும். ஆனாலும் பார்ப்பது நீச்சலைத்தான். பாதிக் குஞ்சுகள் முடங்கும் அளவே இசி50. எண் குறையக் குறைய நஞ்சு கூடுதல். லிட்டருக்கு 1 மி.கி. அல்லது அதற்குக் கீழே என்றால் உலக வகைப்பாட்டில் கடுமையான முதல் நிலை. தாளில் செத்த மீன் படம் இருந்தால் அதற்குத்தான்.

இருந்தாலும் இந்தச் சோதனை சொல்வது இரண்டு நாள் கதை. கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து வெளியேறிய பாதரசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாதரசம் சேற்றில் தங்கி, நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாகி, மீன் உடம்பில் மெல்ல மெல்லச் சேரும். 48 மணிக் குவளையில் அது தெரியாது. டாப்னியா குஞ்சு ஈனுவது குறைகிறதா என்று பார்க்க 21 நாள் சோதனை தனியே உண்டு. அந்த எண்ணையும் தாளில் தேடிப் பாருங்கள்.

தெளிப்பானைக் கழுவிய தண்ணீரை ஓடையில் ஊற்றாமல், மருந்தடித்த வயலிலேயே தெளித்துவிடுங்கள்.