ஒரு மாத்திரையா, இரண்டா?

கேள்வி: எனக்கு ஏழு வாரக் கர்ப்பம். கலைக்க டாக்டர் இரண்டு வகை மாத்திரை எழுதியிருக்கிறார். தோழிக்கு ஒரே வகைதான் கொடுத்தார்களாம். எது சரி?
– வாசகி, திருச்சி

பதில்: உங்கள் டாக்டர் எழுதியதுதான் சிறந்த முறை. முதலில் 200 மில்லிகிராம் மிஃபெப்ரிஸ்டோன். கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரோனின் வேலையை இது தடுக்கிறது. முன்பு 600 கொடுத்தார்கள். 200 போதும் என்று ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. ஒன்றிரண்டு நாள் கழித்து 800 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டால். கருப்பையைச் சுருங்க வைப்பது இதுதான். ஒன்பது வாரத்துக்குள் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் இதிலேயே முழுமையாகக் கலைந்துவிடும்.

மிசோப்ரோஸ்டால் மட்டும் என்றால் பல தவணை போட வேண்டியிருக்கும். அரைகுறையாக நின்றுபோகும் வாய்ப்பும் அதிகம். மிஃபெப்ரிஸ்டோன் கிடைக்காத இடங்களில் உலக சுகாதார நிறுவனம் அதையும் ஏற்கிறது. தோழிக்குத் தவறான வைத்தியம் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் ஸ்கேன் எடுத்தீர்களா? கரு குழாயில் தங்கியிருந்தால் இந்த இரண்டு முறையுமே பலிக்காது, உயிருக்கே ஆபத்து. மருந்துக்கடையில் நேரே வாங்கிப் போடுவதை நான் இவ்வளவு கடுமையாக எதிர்ப்பது அதனால்தான்.

வயிற்றுவலியும் மாதவிலக்கைவிட அதிக உதிரப்போக்கும் இருக்கும், பயப்படாதீர்கள். மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் முழுக்க நனைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பதினெட்டு வயது நிறைந்தவருக்குச் சட்டப்படி அவருடைய சம்மதமே போதும். கணவர் கையெழுத்து தேவையில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு அவசியம் போய் வாருங்கள்.