பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு மாதம், தங்கச்சி

'மூணே மாசத்தில் ஃபுல் ஸ்டாக், வேலை உறுதி' என்று நோட்டீஸ் நீட்டுகிறவர்களிடம் பணம் கட்டுவதற்கு முன்னால், ஒரு மாதம் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்துவிடு, தங்கச்சி. இந்த வெப் புரோகிராமிங் வேலை உனக்குப் பிடிக்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் பணமாவது மிஞ்சும்.

கம்ப்யூட்டர் பெரிதாக வேண்டாம். பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப் பரண்மேல் கிடந்தால் இறக்கு. சார்ஜ் நிற்காவிட்டால் பிளக்கில் போட்டே ஓட்டு. ரொம்ப மெதுவாக இருந்தால் லினக்ஸ் போட்டுக்கொள், இலவசம்தான். செல்போனில் வீடியோ பார்க்கலாம். எழுதிப் பழக அது சரிப்படாது.

முதல் வாரம் எச்டிஎம்எல், கூடக் கொஞ்சம் சிஎஸ்எஸ். ஒரு தலைப்பு, ஒரு அட்டவணை, ஒரு ஃபாரம் போட வந்துவிட்டால் மேலே போ. பட்டனுக்கு நிறம் தேடியே அங்கே தங்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். ரியாக்ட் மாதிரி லைப்ரரிகள் பக்கம் இப்போது திரும்பாதே.

அடுத்து டேட்டாபேஸ். பல பேர் இதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். நான் முன்னால் வைக்கிறேன். திரையில் தெரிகிற சமாச்சாரம் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970இல் ஒரு கட்டுரையில் சொன்ன டேபிள் முறையோ இன்றும் ஓடுகிறது. கற்றது வீணாகாது.

பயிற்சிக்கு எல்லாரும் போடுகிற 'மாணவர் மதிப்பெண்' வேண்டாம், தூக்கம் வரும். நம் ஊரப்பாக்கம் வழியாக ஓடும் சென்னை மின்சார ரயிலை எடு. முதலில் நோட்டில், பேனாவால் எழுது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரி, ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு பத்தி என்றுதான் கை தானாகப் போகும். போகட்டும். தாம்பரத்தோடு நிற்கிற வண்டியை எழுதும்போது பாதிக் கட்டம் காலியாகக் கிடக்கும். வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவில் கிளாம்பாக்கம் என்று ஒரு ஸ்டேஷனைச் சேர்க்கப் பார். மொத்த அட்டவணையையும் உடைக்க வேண்டியிருக்கும். அதைத்தான் நீ கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறேன்.

இப்போது மூன்று டேபிளாகப் பிரி. நிலையம்: எண், பெயர். வண்டி: எண், எங்கிருந்து எங்கே. நிறுத்தம்: எந்த வண்டி, எந்த நிலையம், எத்தனை மணிக்கு. புது ஸ்டேஷன் வந்தால் முதல் டேபிளில் ஒரு வரி, நிறுத்தத்தில் சில வரிகள், அவ்வளவுதான்.

பிறகு டேட்டாபேஸிடம் எஸ்கியூஎல் மொழியில் கேள்வி கேள். காலை ஏழு மணிக்கு மேல் ஊரப்பாக்கத்தில் ஏறினால் கிண்டியில் இறக்கிவிடும் வண்டிகள் எவை? இதற்கு நிறுத்தம் டேபிளை அதனோடேயே ஜாயின் பண்ண வேண்டும். வண்டி எண் ஒன்றாக இருக்கணும். ஊரப்பாக்கம் நேரம் கிண்டி நேரத்துக்கு முந்தி இருக்கணும். அந்த இரண்டாவது நிபந்தனை, செங்கல்பட்டு போகிற வண்டியையும் தானாகக் கழித்துவிடும். நள்ளிரவைத் தாண்டும் கடைசி வண்டி மட்டும் இந்தக் கணக்கைக் குழப்பும். அதை நீயே தீர்த்துக்கொள், நான் சொல்லப்போவதில்லை.

இதற்கெல்லாம் எஸ்கியூலைட் என்கிற டேட்டாபேஸ் போதும். ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்டது. சர்வர் கிடையாது, டேட்டாபேஸ் முழுவதும் ஒரே ஃபைல். பைத்தான் மொழியோடேயே வந்துவிடுகிறது. வெப் பக்கம் கட்ட பைத்தானில் ஃபிளாஸ்க் சேர்த்துக்கொள். ஃபாரத்தில் ஊர் பெயரைப் போட்டால் வண்டிகள் அட்டவணையாக வர வேண்டும், அதுதான் இலக்கு.

தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். 'ஊரப்பாக்கம்' நமக்கு ஏழு எழுத்து. புள்ளியும் காலும் தனித்தனியாகச் சேர்வதால் கம்ப்யூட்டருக்குப் பதினொன்று. எஸ்கியூலைட் கண்டுகொள்ளாது. பின்னாளில் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸுக்குப் போய், பெயர்க் கட்டத்துக்குப் பத்து என்று அளவு வைத்தாயானால் நம் ஊரே உள்ளே போகாது.

இன்னொன்று, இதில் மட்டும் நான் கண்டிப்பு. ஃபாரத்தில் யாரோ தட்டியதை அப்படியே எஸ்கியூஎல் வரிக்குள் ஒட்டாதே. அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டு, மதிப்பைத் தனியாகக் கொடு. ஒட்டினால், உன் கேள்வியையே வேறாக மாற்றிவிடுகிற எஸ்கியூஎல் துண்டை ஒருவன் ஊர்ப் பெயர் கட்டத்தில் தட்டிவிடலாம்.

இங்கிலீஷ் தடையாக இருந்தால், து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' மின்னூலாக இலவசமாகவே கிடைக்கிறது. கணியம் குழுவினர் வெளியிட்டது. கொஞ்சம் பழைய புத்தகம்தான். ஆனால் செலக்ட்டும் ஜாயினும் மாறிவிடவில்லை. எரர் வந்தால் கடைசி வரியை நீயே படி, அதற்கப்புறம் ஏஐயிடம் கேள்.

ஓடத் தொடங்கியதும், தினமும் ரயிலில் வேலைக்குப் போகிற யாரிடமாவது காட்டு. "ஞாயித்துக்கிழமை டைம் வேறயாச்சே?" என்பார்கள். கிழமையை எந்த டேபிளில் வைப்பது என்று அப்போது மறுபடி நோட்டை எடு.