புரியும்படி எழுதுவதும் அறிவியலே

ஒரு கருத்தைக் கணிதத்தில் எழுதினால்தான் அது கோட்பாடா? எளிய சொற்களில் சொன்னால் அதன் மதிப்புக் குறைந்துவிடுமா? இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. மின்காந்தவியலின் வரலாறே இதற்குச் சான்று.

மைக்கேல் பாரடே புத்தகம் கட்டும் கடையில் தொழில் பயின்றவர், உயர்கணிதம் அறியாதவர். 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த அவர், காந்தத்தைச் சுற்றிலும் விசைக்கோடுகள் பரவியுள்ளன என்று சொற்களாலும் படங்களாலும் விளக்கினார். கணித அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. இடைவெளியைக் கடந்து நேரே செயல்படும் விசை என்னும் பழைய கொள்கைக்குத் துல்லியமான சமன்பாடுகள் இருக்க, தெளிவற்ற கோடுகள் எதற்கு என்பது வானியலறிஞர் ஏரியின் கருத்து.

ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் வேறு வழி சென்றார். பாரடேயின் ஆய்வுநூலைப் படித்து முடிக்கும்வரை மின்னியல் பற்றிய கணிதத்தைத் தொடுவதில்லை என உறுதி பூண்டார். 1857-இல், 66 வயதுப் பாரடே 26 வயது மாக்ஸ்வெல்லுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணித அறிஞர்கள் தம் முடிவுகளைக் குறியீடுகளிலிருந்து பொதுமொழிக்கு மாற்றித் தந்தால், எம்போன்றோர் அவற்றைச் சோதித்துப் பார்க்கலாமே என்பது அதன் சாரம். எத்துணைப் பணிவு! எத்துணை நியாயம்!

ஆனால் மாக்ஸ்வெல்லின் கோட்பாடும் கடினமாகவே அமைந்தது. 1865-இல் வெளிவந்த கட்டுரையில் 20 சமன்பாடுகள்! பள்ளிப்படிப்பை 16 வயதில் நிறுத்திய ஆலிவர் ஹெவிசைடு, வெக்டர் முறையில் அவற்றை நான்காகச் சுருக்கினார். வேறொரு கணித முறையைப் போற்றிய பேராசிரியர் டெய்ட் வெக்டர் முறையைக் கடுமையாக எதிர்த்தார். இன்று நம் பாடநூல்களில் இருப்பவை அந்நான்கே.

சென்ற தேர்வுக்கு முன் அவற்றை நான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். விடுதி அறையில் வரலாறு பயிலும் நண்பன், "இதற்கு என்னடா பொருள்?" என்றான். என் நா எழவில்லை. மதிப்பெண் கிடைத்தது, ஆயினும் அன்றைய வெட்கம் போகவில்லை. விடுமுறையில் ஒரு காந்தத்தையும் இரும்புத்தூளையும் தாளின்மேல் வைத்துப் பார்த்தபின்பே, பாரடே கண்டது என்ன என்று அவனுக்குச் சொல்ல முடிந்தது.

அதனால் கணிதம் வேண்டாம் என்பேனோ? இல்லை. மின்காந்த அலையின் வேகம் ஒளியின் வேகத்தோடு ஒத்திருப்பதை மாக்ஸ்வெல்லின் கணக்கே காட்டியது. சொற்கள் மட்டும் அதனைக் காட்டியிரா. கணிதம் கோட்பாட்டின் எலும்பு. தெளிந்த மொழி அதன் உயிர்.

எனவே நண்பர்களே, ஒரு சமன்பாட்டை எழுதியபின், அதன் பொருளை நம் தமிழில் இரண்டு வரி எழுதிப் பார்ப்போம். எழுத வரவில்லையெனில், நாம் இன்னும் படித்து முடிக்கவில்லை என்பதே பொருள்.